துணியும் உலோகமும்: குன்னூரில் கட்டிய ஒரு ஹரிக்கேன் மாதிரி குறித்த நிகழ்வு ஆய்வு

போர்விமானச் சிறுமாதிரிகளைக் கட்டுவோர் ‘வெதரிங்’ என்று சொல்லும் வேலை, பெயின்ட் அடித்து முடித்த மாதிரியை வெயிலும் மழையும் புழுதியும் எண்ணெயும் காலடியும் பட்டு உழைத்த விமானமாகத் தோன்றச் செய்வதாகும். கண்காட்சி மேசைகளில் வைக்கப்படும் மாதிரிகள் பலவற்றில் இந்த வேலை ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது: எல்லாத் தகட்டு இணைப்புகளிலும் கறுப்புக் கோடு, எல்லா விளிம்புகளிலும் வெள்ளிப் புள்ளி, எல்லாப் பரப்பிலும் ஒரே பழுப்புப் புழுதி. இங்கு விவரிக்கப்படும், ஹரிக்கேன் என்ற போர்விமானத்தின் மாதிரியில் அந்தப் பொதுச் செய்முறை கைவிடப்பட்டது. விமானத்தின் இந்தப் பகுதி எந்தப் பொருளால் ஆனது, இந்த விமானம் எங்கே என்ன வேலை செய்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்த இடத்தில் மட்டுமே தேய்மானம் காட்டுவது என்று முதலிலேயே முடிவாயிற்று.

எந்த விமானம், எதற்காக

மாதிரியைக் கேட்டவர் குன்னூரை அடுத்த வெலிங்டனில் வசிக்கும் ஒரு பெரியவர். பறக்கும் பயிற்சிக் கழகம் ஒன்றில் புஷ்பக் விமானங்களின் துணிப் போர்வையைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் படிக்கும் பள்ளியின் கண்காட்சிக்கு, தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு போர்க்கால விமானம் வேண்டும் என்றார். இந்திய விமானப்படையின் 6-ஆம் படைப்பிரிவு 1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில் மெஹர் சிங் தலைமையில், ஹாக்கர் ஹரிக்கேன் விமானங்களுடன் தொடங்கப்பட்டது. 1943 இறுதியில் அது பர்மாவின் மேற்குக் கரையிலுள்ள அரக்கான் போர்முனைக்குச் சென்று, எதிரியின் நகர்வுகளை உளவு பார்த்துப் படமெடுக்கும் பணியில் ஈடுபட்டது; அங்கே போரிட்ட பிரிட்டிஷ் தரைப்படையை ஒட்டி, ‘பதினான்காம் படையின் கண்கள்’ என்ற பெயரும் பெற்றது. விமானங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பறந்தன. ஒருவர் தரையைக் கவனிப்பார், மற்றவர் அவருக்குக் காவலாக வானத்தைக் கவனிப்பார். மெஹர் சிங்குக்கு 1944-இல் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் போர் விருது கிடைத்தது, இரண்டாம் உலகப் போரில் அந்த விருதைப் பெற்ற ஒரே இந்திய விமானி அவர்தான். திருச்சித் தொடர்பும் உளவுப் பணியும் சேர்ந்ததால் தேர்வில் தயக்கம் இருக்கவில்லை.

எடுத்துக்கொண்டது மார்க் 2பி வகை, 1/48 அளவு. உண்மை விமானத்தின் இறக்கை அகலம் 40 அடி, அதாவது 12.19 மீட்டர், மாதிரியில் அது 254 மில்லிமீட்டர். மூக்குக்குக் கீழே தாடைபோல் தொங்கும் வோக்ஸ் காற்று வடிகட்டி, புழுதி மிகுந்த நாடுகளுக்கு அனுப்பிய ஹரிக்கேன்களின் அடையாளம். அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒரே விமானத்தில் மூன்று மேற்பரப்புகள்

சிட்னி கேம் வடிவமைத்த ஹரிக்கேன் 1935 நவம்பர் 6 அன்று முதன்முதலாகப் பறந்தது. இருதளத் துணி விமானங்களின் காலம் முடிந்து முழு உலோக விமானங்களின் காலம் தொடங்கிய இடைவெளியில் பிறந்ததால், அதன் உடம்பில் இரண்டு காலமும் ஒட்டியே இருக்கின்றன. எஞ்சினைச் சுற்றியும் விமானி அறையின் பக்கவாட்டிலும் கழற்றக்கூடிய உலோகத் தகடுகள் உள்ளன. அறைக்குப் பின்னால் எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மரச் சட்டங்களும் நீளவாக்கில் மெல்லிய மரக் கம்பிகளும், அவற்றின் மேல் டோப் என்ற அரக்குப் பூச்சைப் பூசி இறுக்கிய துணி. வால் பகுதியும், வால் சுக்கானும், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஐலரான்களும் துணிதான். அறையையொட்டிய மேல்முதுகின் ஒரு பகுதிக்கு ஒட்டுப்பலகை பயன்பட்டது. முதலில் துணி போர்த்தப்பட்டிருந்த இறக்கைகள் 1939 முதல் உலோகத் தகடு போர்த்தியவையாக மாறின. மார்க் 2பி-யின் இறக்கை முழு உலோகம்.

வால்பகுதியின் விளிம்புகளில் வெள்ளிப் புள்ளி வைத்த ஹரிக்கேன் மாதிரிகளின் படங்கள் சிலவற்றைப் பெரியவரிடம் காட்டியபோது அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “தம்பி, துணியில எங்கிருந்து வெள்ளி வரும்? சுரண்டினா துணிதான் தெரியும்” என்றார். நிறத்துக்கு அடியில் இருப்பது சிவப்பு நிற டோப் படலம்; வெயிலில் டோப் முதிர்ந்து விரிசல் விட்டால் அந்தச் சிவப்பு மெல்லிய கோடாகத் தெரியலாம், அதற்கு மேல் எதுவும் தெரியாது என்று அவர் விளக்கினார். துணிப் பரப்பின் உண்மையான வடு கிழிசலும் ஒட்டுமே. கிழிந்த இடத்தைத் தைத்து, ஓரத்தைப் பல்பல்லாக வெட்டிய ஒரு துண்டுத் துணியை டோப் பூசி ஒட்டி, அது காய்ந்து இறுகியபின் மேலே நிறம் பூசுவார்கள். அந்தப் புது நிறம் சுற்றியுள்ள வெளுத்த நிறத்தைவிடக் கருமையாக, நேர்த்தியான சதுரமாகவோ வட்டமாகவோ நிற்கும்.

அவர் சொன்ன இந்த ஒரு தகவல் வேலையின் போக்கையே தீர்மானித்தது. விமானி அறைக்குப் பின்னால் உலோக வெள்ளி ஒரு புள்ளிகூட வைக்கப்படவில்லை. அதற்குப் பதில், இடப்புறத்தில் பின்னுடலின் நடுப்பகுதியில், நேரில் ஒரு சாண் சதுரம் இருக்கக்கூடிய ஒட்டு ஒன்று காட்டப்பட்டது. மாதிரியில் அது ஏறத்தாழ நான்கரை மில்லிமீட்டர். மெல்லிய மாஸ்க்கிங் டேப்பின் ஓரத்தைப் பிளேடு முனையால் பல்லாக நறுக்கி ஒட்டி, பிரைமர் அடித்து, டேப்பின் கனமே ஒட்டின் கனமாகத் தெரியும்படி விட்டாயிற்று.

கிட்டில், அதாவது வாங்கிய பிளாஸ்டிக் பாகத் தொகுப்பில், துணிப் பரப்பு வார்க்கப்பட்டிருந்த விதம் வேறொரு சிக்கல். மரக் கம்பிகளுக்கு இடையே துணி தொய்ந்து பள்ளம் விழுந்தது போல அச்சில் செதுக்கியிருந்தார்கள். டோப் பூசிய துணி மத்தளத் தோல்போல் விறைத்து நிற்கும் என்பதால், 600 எண் தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்து அந்த மேடுபள்ளத்தில் பாதியைக் குறைக்க வேண்டியிருந்தது. தகட்டு இணைப்புக் கோடுகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். மாதிரியில் 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கோடு நேரில் 14 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி. விரல் நுழையும் அந்த இடைவெளியோடு எந்த விமானமும் பறக்காது. அதனால் இணைப்புக் கோடுகளில் கறுப்பு வாஷ் (தின்னரில் நீர்க்கக் கரைத்த பெயின்ட்) ஓட்டவில்லை. அடிப்படை நிறத்தைவிடச் சற்றே அடர்ந்த பழுப்பு மட்டும் உலோகப் பகுதிகளில் ஓடியது, துணிப் பகுதியில் அதுவும் இல்லை.

குன்னூர்க் காற்று

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகைக்குத் தென்மேற்குப் பருவமழை பெரிதென்றால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. இந்த மாதிரியின் பெயின்ட் வேலை அந்த மாதங்களில்தான் நடந்தது. பிற்பகலில் மஞ்சு இறங்கி ஜன்னல் கண்ணாடியில் நீர் கோக்கும் வீட்டில் லாக்கர் வகைப் பெயின்ட்டைத் தெளிப்பது எளிதன்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, காயும் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. பளபளக்க வேண்டிய இடம் பால்போல் வெளுத்துவிடுகிறது. மாதிரியில் தெளிக்குமுன் ஒவ்வொரு கலவையும் பிளாஸ்டிக் கரண்டியில் தெளித்துப் பார்க்கப்பட்டது. கரண்டி வெளுத்த நாளில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் சேர்க்கப்பட்டது. அப்போதும் வெளுத்தால் அன்றைக்கு வேலை இல்லை. கம்ப்ரசரின் டேங்கில் தேங்கும் நீரை ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் வடித்துவிடுவதும், ஏர்பிரஷ் குழாயில் நீர்ப்பொறி மாட்டுவதும் மலையில் விலக்கக்கூடாத சடங்குகள்.

குளிருக்குக் குமுட்டி வைத்துச் சூடேற்றிய அறையில் மாதிரியைக் காயவைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். தின்னர் ஆவி நிறைந்த அறையில் தணல் வைப்பது தீயை அழைப்பதாகும். சாம்பல் பறந்து ஈரப் பெயின்ட்டில் ஒட்டுவது அதற்கு அடுத்த தொல்லை. மாறாக, ஒரு மரப்பெட்டியின் மூலையில் 40 வாட் குண்டு பல்பு எரிய, மாதிரி மறுமூலையில் உலர்ந்தது. பெட்டிக்குள் கைவைத்தால் இதமான சூடு தெரிந்தால் போதும். அதற்கு மேல் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

கிட்டின் வலது இறக்கை சற்று முறுக்கிக்கொண்டு வந்திருந்தது. இத்தகைய வளைவைக் கொதிநீரில் காட்டி நிமிர்த்துவது வழக்கம். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், பாலிஸ்டைரீனோ 100 பாகையை ஒட்டித்தான் நன்றாக இளகும். ஆகவே சமவெளியில் செய்வதைவிட நீண்ட நேரம் நீரில் பிடித்து, நிமிர்த்திய நிலையிலேயே இரு மரச்சட்டங்களுக்கு இடையே கட்டி ஆறவிட வேண்டியிருந்தது.

உள்ளூர்க்காரர்கள் எதற்கும் எடுக்கும் நீலகிரித் தைலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேப்பின் பசை, பாட்டில் லேபிளின் பசை எல்லாவற்றையும் அது எடுக்கும் என்பது உண்மை. பாலிஸ்டைரீனையும் இளக்கிவிடும் என்பதும் உண்மை. மாதிரி இருக்கும் மேசையில் அந்தப் பாட்டிலுக்கு இடமில்லை.

நிறமும் அதன் வெளுப்பும்

மேல்பரப்புக்கு டார்க் கிரீன், டார்க் எர்த். அடிப்பரப்புக்கு மீடியம் சீ கிரே. ஆங்கிலேயரின் வழக்கமான வட்டச் சின்னத்தின் நடுவில் இருந்த சிவப்பு, ஜப்பானியரின் செஞ்சூரிய வட்டத்தோடு குழம்பி நண்பர்களே நண்பர்களைச் சுடும் ஆபத்து இருந்ததால், இந்தியா, பர்மா பகுதி விமானங்களில் நீக்கப்பட்டது. பிறகு வெள்ளையும் வெளிர்நீலமாக மாறி, கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் கொண்ட, சுமார் 16 அங்குலச் சிறு வட்டம் நிலைத்தது. மாதிரியில் அது எட்டரை மில்லிமீட்டர். பழைய 36 அங்குல வட்டத்தின் அளவு 19 மில்லிமீட்டர்.

பழைய பெரிய வட்டத்தைப் படைத்தளத்தில் கையிருப்பில் உள்ள பெயின்ட்டால் மூடிவிட்டு, நடுவில் சிறிய வட்டத்தை வரைந்த விமானத்தில், மூடிய இடம் சுற்றுப்புறத்தைவிடப் புதிதாகவும் கருமையாகவும் தெரியும். இந்த மாதிரியில் மிகுந்த கவனம் செலவான இடம் இதுவே. முதலில் உடல் முழுவதும் உருமறைப்பு நிறம் தெளித்து, அதன் மேல் வெள்ளை, காவிமஞ்சள், சாம்பல் ஆயில் பெயின்ட்களைச் சிறு புள்ளிகளாக வைத்து, தின்னரில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் காற்று ஓடும் திசையில் இழுத்து, மேற்பரப்பு முழுவதையும் வெளுக்கச் செய்தாயிற்று. அது காய்ந்தபின் 19 மில்லிமீட்டர் வட்டம் வெட்டிய டேப்பை ஒட்டி, அந்த வட்டத்துக்குள் மட்டும் வெளுக்காத டார்க் கிரீனும் டார்க் எர்த்தும் மிக மெல்லிய படலமாகத் தெளிக்கப்பட்டன. பச்சையும் பழுப்பும் சந்திக்கும் எல்லை வட்டத்துக்குள் அரை மில்லிமீட்டர் விலகி வரும்படி விட்டது வேண்டுமென்றே. படைத்தளத்தில் தூரிகை பிடித்தவர் தொழிற்சாலையின் எல்லைக்கோட்டை அளந்து பார்த்திருக்கமாட்டார். இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய வட்டம் தெரியும்.

ஆயில் பெயின்ட்டுக்குக் குன்னூர்க் குளிர் உதவி செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அட்டையில் பிதுக்கிவைத்து ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சவிட்டபின்கூட, இங்கே அது மெதுவாகவே காய்கிறது. காலையில் வைத்த புள்ளியை மாலையில் வேண்டாமென்று துடைத்தெடுக்க முடிகிறது. லாக்கருக்குப் பகையான அதே வானிலை ஆயிலுக்கு நட்பு.

எங்கே தேயும், எங்கே தேயாது

விமானி ஏறுவது இடப்பக்கத்திலிருந்து. கீழே இழுத்தால் இறங்கும் ஒரு காலடி வளையமும், அதனோடு சேர்ந்து திறக்கும் கைப்பிடியும் ஹரிக்கேனின் இடப்புறத்தில் உண்டு. ஆகவே இடது இறக்கையின் அடிப்பகுதி வலதைவிட அதிகம் தேய வேண்டும். அங்கே ஸ்பாஞ்ச் துணுக்கால் முதலில் மண்நிறமும், அதன் நடுவில் மிகச் சில இடங்களில் மட்டும் மங்கிய அலுமினியமும் ஒற்றப்பட்டன. நேரில் ஐந்து சென்டிமீட்டர் உரிந்த பெயின்ட் மாதிரியில் ஒரு மில்லிமீட்டரே என்பதால், ஒற்றும் ஸ்பாஞ்ச் முனை ஊசிக்கண்ணைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வலது இறக்கையடியில் பெட்ரோல் நிரப்புவோரின் காலடிக்காக அதில் பாதி அளவு. இறக்கையின் மேலுள்ள துப்பாக்கி அறை மூடிகள், எஞ்சின் மூடித் தகடுகளின் திருகுத் தலைகள் ஆகியவை அடுத்த இடங்கள். தேய்மானம் உலோகத்தில் அங்கேயே நின்றது.

புரொப்பெல்லர் கத்திகளின் முனையில் வெள்ளி பூசுவது வழக்கமான செய்கை. ரோட்டோல் நிறுவனத்தின் புரொப்பெல்லர்கள் பலவற்றில் அழுத்திச் செறிவாக்கிய மரத்தால் ஆன கத்திகள் இருந்தன. இந்த மாதிரியின் கத்திகளும் அந்த வகையாகக் கொள்ளப்பட்டதால், அவற்றின் முன்விளிம்பில் கல் பட்டுக் கறுப்பு மங்கிய சாம்பல் சாயல் மட்டும் வந்தது.

எஞ்சின் புகைக்கு வெறும் கறுப்பு பொருந்தாது. 100 ஆக்டேன் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்ததால், சீரான வேகத்தில் நீண்ட நேரம் பறந்த, ஹரிக்கேன் போன்ற மெர்லின் எஞ்சின் விமானங்களின் புகைத்தடத்தில் வெளிர் சாம்பலும் வெளிர் பழுப்பும் படியும். உளவுப் பறப்பு அப்படிப்பட்ட பறப்பு. எனவே புகைக்குழாய்க்கு அருகில் மட்டும் கரும்பழுப்பும், அதன் நடுவே மெல்லிய வெளிர் சாம்பல் நாக்கும் தெளிக்கப்பட்டன. அந்த நாக்கு உலோகத் தகட்டைத் தாண்டித் துணிப் பரப்புக்கு நீளும் இடத்தில் தகட்டின் விளிம்பு லேசாக அதைத் தடுப்பதுபோல் ஒரு முறிவு காட்டினால், இரண்டு பொருள்களும் வேறு என்று சொல்லாமலே தெரிகிறது.

துப்பாக்கிப் புகையில் சிக்கனம் தேவைப்பட்டது. மார்க் 2பி-யில் 0.303 அங்குல பிரவுனிங் துப்பாக்கிகள் பன்னிரண்டு. துப்பாக்கிவாய்களைத் தூசியும் ஈரமும் புகாதபடி சிவப்பு டோப் பூசிய துணித் துண்டால் மூடுவார்கள். சுட்டால் அது கிழியும். உளவுக்குப் போய்ச் சுடாமல் திரும்பிய விமானமாகக் காட்டுவதே இந்தப் படைப்பிரிவுக்குப் பொருத்தம் என்பதால், எல்லா மூடிகளும் கிழியாமலே விடப்பட்டன. இறக்கைக்கடியில் புகைக்கறை இல்லை. (0.303 தோட்டாவின் உந்துபொருள் கார்டைட். அதைச் செய்யும் தொழிற்சாலை எங்கள் பக்கத்து அருவங்காட்டில் நூறாண்டுக்கும் மேலாக இருப்பதால், இந்த ஊரில் அதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க வடிவமைப்பான பிரவுனிங்கை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டபோது, சூடேறிய துப்பாக்கியின் தோட்டா அறையில் கார்டைட் தோட்டா தானே வெடிக்கும் அபாயத்தைத் தவிர்க்க, சுடுவதை நிறுத்தியதும் அந்த அறை திறந்தே நிற்கும்படி அதை மாற்றியமைத்தார்கள்.)

கடைசியில் புழுதி. தேயிலைத் தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து எடுத்தால் கைச்செலவு இல்லாத நிறத்தூள் கிடைக்கும், ஆனால் அந்தச் செம்மை அரக்கான் கரைக்கு உரியதன்று. கடலோர வயல்வெளிகளைச் சமன் செய்து போட்ட ஓடுதளங்களில் கோடையில் பறப்பது காய்ந்த வண்டலின் சாம்பல் கலந்த பழுப்பு. அந்த நிறத்தூள் டயர்களின் பக்கவாட்டிலும், சக்கர அறைகளிலும், வோக்ஸ் வடிகட்டியின் வாயிலும், இறக்கையடியின் பின்பகுதியிலும் மட்டும் ஒட்டப்பட்டது. மேல்பரப்பில் புழுதி படியும், பறந்தால் பறந்துவிடும். அங்கே அதை அள்ளிப் பூசுவதில் பொருளில்லை.

மதிப்பீடு

முடிந்த மாதிரி அமைதியாக இருக்கிறது. கண்காட்சியில் தூரத்திலிருந்து பார்த்த பலருக்கு அது ‘வெதரிங்’ செய்த மாதிரியாகவே தெரியவில்லை. இதை இழப்பாகக் கருதுவோரும் உண்டு. மேசையில் மற்றவற்றோடு நின்றால் கண்ணைப் பறிக்காது என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது; போட்டிக்கு அனுப்பும் மாதிரி என்றால் இணைப்புக் கோடுகளில் இன்னும் சற்று அழுத்தம் தந்திருக்கலாம். ஆயினும் பின்னுடலில் வெள்ளி வைக்காதது குறித்து எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டியதில்லை. அது ரசனையைச் சேர்ந்ததன்று, விமானம் எதனால் ஆனது என்பதைச் சேர்ந்தது. பெரியவர் ஒட்டுத் துணியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, பல் வெட்டு சற்றுப் பெரிது என்றார். உண்மைதான், டேப்பில் அதைவிடச் சிறிதாக வெட்டப் பிளேடு இடங்கொடுக்கவில்லை.

விமானி அறைக் கண்ணாடி ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை பயன்பட்டது. சூப்பர் குளூ ஈரக் காற்றில் விரைந்து இறுகும், அதன் ஆவியோ ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பனிபோல் படியும். மலையில் இது சமவெளியைவிடத் தொல்லை தரும்.

மாதிரி இப்போது பள்ளியின் கண்ணாடிப் பெட்டியில் உள்ளது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அது நிறம் மாறும்போது சூடுகாட்டித் திருப்பி வைக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது. நீலகிரியில் எந்த அலமாரியைத் திறந்தாலும் அந்துருண்டை இருக்கும். அதை மட்டும் இந்தப் பெட்டியில் போட வேண்டாம் என்று தனியாக எழுதி ஒட்டியாயிற்று. நாப்தலீன் ஆவி மூடிய பெட்டிக்குள் பாலிஸ்டைரீனை மென்மையாக்கும். பெட்டியைத் தெற்கு ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றுவது பற்றிப் பள்ளியோடு பேச்சு நடக்கிறது, ஏனெனில் நேர்வெயில் மாதிரிக்கு ஆகாது.